பதினேழாம் நம்பரின் கடைசித் தாள்

அந்தத் தெருவில் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. 'கடைசிப் பக்கம் வீடு எது?' என்று கேட்டால் கைக்குழந்தைகூட வழி காட்டும். வாடகை நூலகம் நடத்துகிறவர். முன்னால் ஓர் அறை, மூன்று சுவரிலும் கூரை வரைக்கும் புத்தகம், நடுவே கவுன்ட்டர். பின்னால் அவரும் மனைவியும் குடியிருக்கும் இரண்டு அறைகள். கடைக்கும் வீட்டுக்கும் சேர்த்து வாசல் ஒன்றுதான். கெட்டியான மரக்கதவு, உள்ளே கட்டைவிரல் தடிமனில் ஒரு தாழ்ப்பாள்.

ஆளுக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். புத்தகத்தின் மூலையை மடித்தவனை நிற்க வைத்து, அவன் பரம்பரைக்கே மடிப்புக் கலையும்படி திட்டுவார். இழுப்பு வந்தால்தான் அந்த வாய் ஓயும். மழைக்காலத்தில் நாலு எட்டு வேகமாக நடந்தால் போதும், நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும்; இரண்டு வார்த்தைக்கு மேல் மூச்சு நிற்காது. அதற்காகக் கவுன்ட்டர் டிராயரில் எப்போதும் ஒரு இன்ஹேலர் கிடக்கும். "உங்க வாய்க்குக் கடவுள் போட்ட பூட்டு அது" என்பாள் மனைவி.

பெயருக்குக் காரணம் பேய்க்கதை அலமாரி. பழைய பத்திரிகைகளிலிருந்தும் தொகுப்புகளிலிருந்தும் பொறுக்கி எடுத்த நாற்பத்திரண்டு கதைகளைத் தனித்தனியாக பைண்டு பண்ணி, நம்பர் போட்டு வைத்திருந்தார். சமையல் புத்தகம் எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். உடம்பை இளைக்க வைக்கும் புத்தகம் மறுநாளே திரும்பி வந்தது. பேய்க்கதை மட்டும் போனது போனதுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், ஒருநாள் பிளேடை எடுத்து எல்லாக் கதையிலும் கடைசித் தாளை மட்டும் அறுத்து, மூலையில் நம்பர் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் கடைசித் தாள் கைக்கு வரும். கவுன்ட்டரிலேயே படிக்க வேண்டும்.

"இங்கயே நின்னு படி, இங்கயே நடுங்கு, இங்கயே வச்சுட்டுப் போ" என்பார்.

பிறகு ஒரு புத்தகம் தொலைய வேண்டுமே! திட்டிக்கொண்டே வந்தார்கள், வெளிறிப்போய்த் திரும்பினார்கள், அடுத்த மாதம் அதே கதையை மறுபடி எடுத்தார்கள். முடிவு தெரிந்த பிறகு படித்தால்தான் அசல் பயம் என்றார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், நாற்பத்திரண்டில் ஒன்றைக்கூட அவர் முழுசாகப் படித்ததில்லை. பயம். வெளியே சொல்வாரா? "கடைக்காரன் மிட்டாய் தின்னா கடை விளங்குமா?" என்று சமாளித்துவிடுவார்.

அலமாரியின் ராஜாக்கள் பதினேழும் பதினெட்டும்தான். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டிலும் மழை. இரண்டிலும் வீட்டில் தனியாக ஒரு மனைவி. வெளியே போன புருஷன் செத்துவிட்டான் என்று சேதி வந்திருக்கும். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்படும். அவன் குரல். 'நான்தான். கதவைத் திற. நனையுறேன்.' திரும்பத் திரும்ப அதே மூன்று பேச்சு, ஒரே மாதிரி. அவள் கை தாழ்ப்பாளுக்குப் போகும். அதோடு புத்தகம் முடிந்துவிடும். மிச்சம் டப்பாவில்.

பதினேழின் கடைசித் தாளில் அவள் பயந்துபோய்க் கையை எடுத்துவிடுவாள். காலையில் திறந்து பார்த்தால், நிஜமான புருஷன் வாசற்படியில் விறைத்துக் கிடப்பான். நெஞ்சின் மேல் ஒரு பூனை உட்கார்ந்து அவளையே பார்க்கும். பதினெட்டின் கடைசித் தாளில் அவள் திறந்துவிடுவாள். வந்தது அவனில்லை.

அந்தப் பூனையைப் பற்றித் தெருவில் நடக்காத விவாதமில்லை. கதை முழுக்கத் தலைகாட்டாத பூனை கடைசியில் எங்கிருந்து வந்தது? அது அவனுடைய உயிர் என்றார் மருந்துக்கடைக்காரர். சாவேதான் பூனையாக வந்தது என்றார் கணக்கு வாத்தியார். இரண்டு பேரும் ஆறு மாதம் முகம் பார்த்துப் பேசவில்லை. அந்தப் பூனைக்காகவே பதினேழைப் பத்துத் தடவை எடுத்தவர்கள் உண்டு.

ஆனால் தையற்கடைப் பெண் அதை எடுத்தது பூனைக்காக இல்லை.

நாலு கடை தள்ளி அதே சாரியில் அவளுடைய தையற்கடை. அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவாள். அவள் புருஷன் லாரி ஓட்டினான். வாயைத் திறந்தால் காது கூசும். தெருமுனையில் அவன் லாரி திரும்பும்போதே தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள், அந்த அழகு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெருமழையில் பாலத்தோடு லாரி ஆற்றில் போயிற்று. உடல் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் மாலை, கொட்டுகிற மழையில் அவள் கடைக் கதவு தட்டப்பட்டது. அவள் திறந்தாள். அவன் நின்றான்.

"நீங்கதான்ணே என் குடும்பத்தைக் காப்பாத்தினீங்க" என்று பிறகு ஒருநாள் அவள் சொன்னாள். "அன்னைக்குக் காலையிலதான் பதினேழு கடைசித் தாள் படிச்சிருந்தேன். குரல் கேட்டதும் உடம்பெல்லாம் ஆடிப்போச்சு. திறக்கவே கூடாதுன்னுதான் நினைச்சேன். அப்புறம் அந்த வாசற்படியில கிடந்தவன் ஞாபகம் வந்தான். ஐயோ, நம்ம ஆளும் அப்படிக் கிடந்துட்டா? திறந்துட்டேன்."

இதைக் கேட்டதிலிருந்து அவர் தரையில் நடக்கவில்லை. புத்தகம் எதற்கு என்று யாராவது கேட்டால் போச்சு, இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

திரும்பி வந்தவன் அதன் பிறகு வண்டியைத் தொடவில்லை. கடையின் பின்புறம் உட்கார்ந்து துணிக்கு இஸ்திரி போட்டான். திட்டு, சத்தம், ஒன்றும் கிடையாது. 'சரி', 'ஆகட்டும்', 'உட்காருங்க', இவ்வளவுதான். ஆற்றுத் தண்ணீர் வாயைக் கழுவிவிட்டது என்று தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு ஒவ்வொரு மழைக்காலமும் வந்து பதினேழை எடுத்துப் போனாள். கடைசித் தாளை வாங்கிப் படித்து, வாசற்படிப் பிணத்தைப் பார்த்து, பெருமூச்சு விட்டு வைத்துவிட்டுப் போவாள். 'நீ செய்தது சரிதான்' என்று அவளுக்கு யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அது ஏன் என்று அவர் யோசித்ததில்லை. வாடிக்கையாளரின் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் மழை தொடங்கியதும் மனைவி வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு. காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு கவுன்ட்டரில் உட்கார வேண்டியதாயிற்று. பொழுது போகவில்லை. பதினேழையும் பதினெட்டையும் ஒரே மூச்சில் படித்து முடித்து, "ரெண்டுக்கும் கடைசித் தாளைக் கொடுங்க" என்றாள். ஒருவருக்கு ஒரு சமயத்தில் ஒரு புத்தகம்தான் என்பது சட்டம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அதுவரை எவருமில்லை. பெண்டாட்டியிடம் சட்டம் பேச முடியுமா? கொடுத்தார்.

இரண்டு நிமிஷத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஏங்க, பதினெட்டுலதான் இந்தம்மா பூனை வளர்க்குறா. மூணாம் பக்கத்துலயே பால் ஊத்துறா. அந்தப் பூனை எப்படிங்க பதினேழுக்குத் தாவுச்சு? ரெண்டு தாளையும் மாத்தி வச்சிருக்கீங்க மனுஷா!"

அவருக்கு நினைவு வந்தது. அறுத்த அன்று இழுப்பு. அதோடு ஒரு வரி கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நம்பர் போட்டிருந்தார். ஊரே உயிரை விட்ட பூனை அவருடைய கைப்பிழை. மருந்துக்கடைக்காரரும் வாத்தியாரும் ஆறு மாதம் பேசாமல் இருந்தது இதற்காகவா!

"வெளியில மூச்சு விட்டே, அவ்வளவுதான்" என்று பல்லைக் கடித்தார்.

"நான் ஏன் விடுறேன்? ஆனா இதுதானே பதினேழோட நிஜமான முடிவு, கேளுங்க" என்று அவள் உரக்கப் படித்தாள். காதைப் பொத்துவதற்குள் அது உள்ளே போய்விட்டது. பதினேழில் அவள் தாழ்ப்பாளை எடுத்துவிடுகிறாள். வந்தவன் சாதுவாக அவளோடு வாழ்கிறான். சூடு தெரியாது, குளிர் தெரியாது, கோபம் வராது. ஒருநாள் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. 'தன்னைத் தெரிந்துகொண்ட வீட்டில் அது தங்காது. தெரிந்துகொண்டவளின் உயிரை வழித்தெடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகும். அந்த வீட்டு ஆளின் குரலில் கதவைத் தட்டும்.'

முதுகு சில்லிட்டது உண்மைதான். ஆனால் அதைவிட மானம் போன எரிச்சல் பெரிதாக இருந்தது. இரண்டு தாளிலும் நம்பரை அடித்துத் திருத்தி, டப்பாவில் போட்டு மூடினார். அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தார். அந்த வாரம் பதினேழு மறுபடி வெளியே போனதையும், எடுத்துப் போனது யார் என்பதையும் மனசு கவனிக்கவில்லை.

நாலு நாள் கழித்து, மாலை ஐந்து மணி இருக்கும். பசையும் பைண்டிங் துணியும் வாங்கிக்கொண்டு குடையில் வந்துகொண்டிருந்தார். மழை வலுத்ததும் தையற்கடையில் ஒதுங்கினார். தையல் மெஷின் முன்னால் அவள் இல்லை. பின்னால் அவன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி எங்கே?"

"உட்காருங்க" என்றான் அவன்.

"உட்கார நேரமில்லைப்பா. எங்கே போயிருக்கா?"

"சரி" என்றான்.

அப்போதுதான் பார்த்தார். இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேல் இல்லை. சட்டையைப் பிடித்திருந்த அவனுடைய இடது கையின் மேல் இருந்தது. விரல்களுக்கு மேலே ஏறி, அங்கேயே நின்று, ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவன் கையை இழுக்கவில்லை. அவரைப் பார்த்துச் சாதுவாகச் சிரித்தான்.

சூடு தெரியாது. குளிர் தெரியாது. கோபம் வராது.

பதினேழு அவளிடம் இருக்கிறது. இந்த நேரத்தில் கடையை விட்டு நகராதவள் எங்கே போயிருப்பாள்? புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க! டப்பாவில் இப்போது இருப்பது நிஜமான கடைசித் தாள். நாலு வருஷமாக அவளைக் காத்துவந்தது அவருடைய தப்பு ஒன்றுதான். அதையும் அவரே திருத்தி வைத்துவிட்டார். அவள் அதைப் படிக்கக் கூடாது. படித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அவள் இல்லை.

பசையும் துணியும் அங்கேயே விழ, ஓடினார். நாலு கடைதான். நூலகத்து வாசலுக்கு வருவதற்குள் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிட்டது.

"அவ... வந்தாளா?"

"இப்பத்தான் போச்சு அந்தப் பொண்ணு" என்றாள் மனைவி. "கடைசித் தாள் கேட்டுச்சு, கொடுத்தேன். படிச்சுது. திரும்பப் படிச்சுது. நம்பரைப் பார்த்துச்சு. 'அண்ணி, இது பதினேழுதானா?'ன்னு கேட்டுச்சு. ஆமாம்மா, இவ்வளவு நாளா மாறிக் கிடந்துச்சு, இதுதான் சரின்னேன். அப்படியே பேயறைஞ்ச மாதிரி நின்னுட்டுப் பக்கத்துச் சந்து வழியா போயிருச்சு. குடையைக்கூட எடுக்கலை. என்னங்க, என்ன ஆச்சு?"

வெளியில் சொல்லாதே என்றுதானே சொன்னார்? தையற்கடைப் பெண் வெளி ஆளா, வீட்டு ஆள் மாதிரிதானே. மனைவி மேல் பழி போட்டு என்ன பயன். டிராயரைத் திறந்து இன்ஹேலரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்திருக்கலாம். உட்கார்ந்து நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. "வந்து... சொல்றேன்" என்று கையை ஆட்டிவிட்டு மறுபடி மழையில் இறங்கினார். ஒரு பெண்ணின் உயிர் அல்லவா!

தையற்கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாடா என்றிருந்தது. அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். ஈரத் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி... அது கதைம்மா... சும்மா கதை."

"நாளைக்கு வாங்க" என்றாள். "தைச்சு வைக்கிறேன்."

"நான் தைக்க... வரலைம்மா."

"நாளைக்கு வாங்க. தைச்சு வைக்கிறேன்."

முன்னால் போய்ப் பார்த்தார். ஊசியில் நூல் இல்லை. அடியில் துணி இல்லை. ஊசி வெறும் இரும்புத் தகட்டில் குத்திக்கொண்டே இருந்தது. அவள் கண் திறந்திருந்தது. அதில் யாரும் இல்லை. பத்து வருஷமாக அண்ணே என்று கூப்பிட்ட பெண்.

"உன் வீட்டுக்காரன்... எங்கே?"

"நாளைக்கு வாங்க."

இஸ்திரி மேசை காலியாக இருந்தது. பெட்டி சட்டையைத் தீய்த்துப் புகைந்துகொண்டிருந்தது. சந்துப் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. சந்து நேராக எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். அடுத்த வாசலுக்கு. அவருடைய வாசலுக்கு.

எப்படி ஓடினார் என்று கேட்காதீர்கள். ஐம்பத்தாறு வயசு, நிறைந்த இழுப்பு, கணுக்கால் வரை தண்ணீர். இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தார். குடை எங்கே போயிற்றோ. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மழைக்கு எல்லாக் கடையும் அடைத்தாயிற்று. நூலகத்து வாசற்படியில் ஏறியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினார். உள்ளே தாழ்ப்பாள்.

தட்டினார். கையை மூடிக்கொண்டு இடித்தார்.

"யாரது?" மனைவியின் குரல்.

"நான்தான்." மூச்சு அறுந்தது. மறுபடி பிடித்தார். "கதவைத் திற." இருமினார். "நனையுறேன்."

உள்ளே மாவுக்கட்டுக் கால் தரையில் இழுபட்டுக் கதவருகே வந்தது.

"என் வீட்டுக்காரர் அப்பவே வந்துட்டாரே" என்றாள் அவள். "இதோ தலை துவட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். தாழ்ப்பாள் போடுன்னார், நொண்டிக்கிட்டே வந்து போட்டேன். நீ யாரு?"

அவர் கத்தினார். கத்தியதாக நினைத்தார். 'அடியே முட்டாள், உள்ள இருக்கிறது நான் இல்லை, ஒரு தடவையாவது கத்துதா பாரு, அந்த இஸ்திரி போட்ட கையைப் பாரு' என்று என்னென்னவோ சொல்ல நெஞ்சுக்குள் துடித்தது. எத்தனை பேரை, எத்தனை வருஷம், மூச்சு விடாமல் திட்டிய வாய்! இன்றைக்கு அதற்கு மூன்றே மூன்று பேச்சுதான் வந்தது.

"நான்தான்... கதவைத் திற... நனையுறேன்."

"ஐயோ, அதே பேச்சு" என்று அவள் உள்ளே அழத் தொடங்கினாள். "அவர் மாதிரியே மூச்சிழுத்துக் காட்டாதே. அவருக்கு இன்னைக்கு இழுப்பே இல்லை. எவ்வளவு சாந்தமா உட்கார்ந்திருக்கார் தெரியுமா? போயிடு. நான் பதினேழு படிச்சிருக்கேன். கடைசித் தாள் வரைக்கும் படிச்சிருக்கேன்."

அவர் கதவில் நெற்றியை வைத்துச் சரிந்தார். படிப்படியாக எல்லாம் விளங்கியது. பதினேழும் பதினெட்டும் இரண்டு கதையில்லை. பதினேழு கதவுக்கு உள்ளே நடந்தது, பதினெட்டு வெளியே நடந்தது. ஒரே வீடு, ஒரே மழை. எந்தத் தாளை எதற்கு வைத்தாலும் பொருந்தத்தான் செய்யும். டிராயரில் இன்ஹேலர் கிடந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், ஆறே அடி.

உள்ளே மனைவியின் கை தாழ்ப்பாளைத் தொடும் சத்தம் கேட்டது. இரும்பு லேசாக அசைந்தது. எத்தனையானாலும் பெண்டாட்டி அல்லவா, அவளுக்கும் சந்தேகம் வந்திருக்கிறது. கையை உயர்த்திக் கதவைத் தொட்டார். திற, திறம்மா.

அப்போது உள்ளேயிருந்து அவருடைய குரலே கேட்டது. கொஞ்சமும் கோபமில்லாமல், சாதுவாக.

"திறக்காதே. உட்காரு."

தாழ்ப்பாளின் சத்தம் நின்றுவிட்டது.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. உயர்த்திய கை கதவிலேயே இருந்தது, இறக்கத் தெம்பில்லை. முழங்காலில் ஏதோ உரசியது. கண்ணைத் திறந்து பார்த்தார். அந்தத் தெருவில் யாரும் பூனை வளர்க்கவில்லை. நனைந்த பூனை ஒன்று அவர் மடியில் ஏறி, நெஞ்சுப் பக்கம் இடம் பார்த்துக்கொண்டிருந்தது.